தப்புதாம்மா

அந்த நீதிபதி எல்லோருக்கும் ‘குட் லக்’ சொல்வதுதான் தில்லைநாயகிக்கு ஒன்பது வருடமாகியும் பழகவில்லை. இப்போதுதான், ஆரஞ்சு உடுப்பும் இடுப்புச் சங்கிலியுமாக நின்ற ஒருவனுக்கு ஆறு வருடம் போட்டாள். போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நிஜமான கனிவோடு, பரீட்சைக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல, “குட் லக் டு யூ, சார்” என்றாள். அவனும் “தேங்க் யூ, மேம்” என்றான். கடையில் பில் போட்டுப் பையைக் கையில் கொடுத்த மாதிரி ஆறு வருடத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறான். சின்ன வயதில் அப்பாவோடு சிதம்பரம் கோர்ட்டுக்குப் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று தரம் கத்துவான். கூண்டில் நிற்கிறவனை “ஏய், நிமிந்து நில்லுடா” என்று ஏட்டு முதுகில் தட்டுவார். வழக்கு மூன்று மாதம் தள்ளிப்போகும், எல்லோரும் வெளியே வந்து டீ குடிப்பார்கள். அங்கே ‘டா’ போட்டு வாய்தா கொடுத்தார்கள். இங்கே ‘சார்’ போட்டு ஆறு வருடம் கொடுக்கிறார்கள். எது தேவலாம்? யோசிக்காதே, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். மொழிபெயர்ப்பாளருக்கு அபிப்பிராயம் கிடையாது. சேர்க்கக் கூடாது, விடக் கூடாது, விளக்கக் கூடாது. சத்தியம் செய்துதான் உட்கார்ந்திருக்கிறாள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் ஒரு சின்னக் கவுண்டி, அதன் மாவட்டக் கோர்ட், மூன்றாவது மாடி, வியாழக்கிழமை, மணி ஒன்பதே முக்கால். இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்ததில் வலது கால் இன்னும் ஆக்ஸிலேட்டரில் இருப்பதுபோலத் துடித்தது. பக்கத்தில் மருமகனுடைய கோட்டில் பாதி தொலைந்துபோய் உட்கார்ந்திருந்தார் சுடலைமுத்து. வயது அறுபத்துமூன்று. கோவில்பட்டிக்காரர். அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். கைகள் இரண்டையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்திருந்தார், யாரோ அப்படி வைக்கச் சொன்னதுபோல.

காலையில்தான் அவள் அவருடைய கோப்பைப் படித்திருந்தாள். மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்தவர். ஒரு சனிக்கிழமை மகளும் மருமகனும் ஒரு பெரிய கடைக்குள் போயிருக்க, இவர் கார் பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டு நின்றிருக்கிறார். கார்களுக்கு நடுவே இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தனியாக நின்று அழுதிருக்கிறது. தூக்கிக்கொண்டார். தூக்கிக்கொண்டு நடந்தார். நடந்தது கடை வாசலைப் பார்த்து இல்லை, பக்கவாட்டில் செடி விற்கிற பகுதியின் பூட்டிய கதவைப் பார்த்து. அதைத்தான் அவர் வாசல் என்று நினைத்திருந்தார். குழந்தையின் தாய் ஓடி வந்து பார்க்கிறாள். முன்பின் தெரியாத கறுத்த கிழவர் ஒருவர் தன் குழந்தையோடு மூலையைப் பார்த்துப் போகிறார். அலறினாள். அலறியதும் இவர் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார் என்று இரண்டு சாட்சிகள். அந்த இறுக்கத்துக்கு இங்கே சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது, சட்டவிரோதமாகப் பிடித்துவைத்தல். இரண்டு நாள் காவல், பிறகு ஜாமீன். ஜாமீனுக்கு ஒரு நிபந்தனை, பதினெட்டு வயதுக்குட்பட்ட யாரையும் நெருங்கக் கூடாது. மகள் வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி இருந்ததால் மகள் வீட்டிலும் இருக்கக் கூடாது. நாற்பத்தொரு நாளாக அவர் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் தனியாக இருக்கிறார். மகள் சங்கரி டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். குழந்தையை யாருமே இறுக்கிப் பிடிக்கக் கூடாதா, என்று தில்லைநாயகிக்குத் தோன்றியது. அடுத்த நிமிடமே தன் மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு சந்தையில் மூன்று நிமிடம் காணாமல்போனது ஞாபகம் வந்தது. அந்த மூன்று நிமிடத்தில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு ஆணின் முகமும் எப்படி மாறிப்போயிற்று. அந்தத் தாயையும் குறைசொல்ல முடியவில்லை. இப்போது கோர்ட்டின் கடைசி வரிசையில்தான் அந்தத் தாய் இருந்தாள். நர்ஸ் உடுப்பில், காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி.

போலீஸ் அறிக்கையில் ஒரு வரி தில்லைநாயகியை விடவே இல்லை. ‘சந்தேக நபர் கட்டுப்பாடற்ற நிலையில் தன் கன்னங்களில் தானே அறைந்துகொண்டார்.’ கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். சாமிக்கு முன்னால் போட்டுக்கொள்வதுபோல, யார்மீதாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல, அந்தத் தாய் அழுததைப் பார்த்துப் பதறிப்போய், அம்மா தாயே மன்னிச்சுக்கோ என்று. அதை எழுதிய போலீஸ்காரர் பொய் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். அதுதான் பயமாக இருந்தது. இந்த ஊரில் மன்னிப்புக்கு இரண்டு முகம் என்று அவள் வந்த புதிதில் கற்றுக்கொண்டாள். கடையில் தள்ளுவண்டி உரசாமலே ‘சாரி’ சொல்வார்கள். கதவைத் திறந்துவிட்டுச் சாரி, வழியில் நின்றதற்குச் சாரி. ஆனால் அவள் கணவர் சிக்னலில் ஒரு காரின் பின்னால் லேசாக இடித்துவிட்டு இறங்கிப் போய்ச் சாரி சொன்னபோது, இன்சூரன்ஸ்காரன் போனில் கத்தினான். அந்த வார்த்தையை ஏன் சொன்னீர்கள், அது ஒப்புதல் வாக்குமூலம். ஒன்றும் இல்லாததற்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிற ஜனங்கள், ஏதாவது ஆகிவிட்டால் வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள். நம் ஊரில் நேர்மாறு. உரசினால் ஒன்றும் சொல்லமாட்டோம். பெரிதாக ஒன்று நடந்துவிட்டால், நம்மேல் பிசகு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதிராளி மனசு ஆறட்டும் என்று முதலில் தப்பு தப்பு என்று சொல்லிவிடுவோம். அப்புறம்தான் விசாரிப்போம். இந்த மனுஷர் அந்த வழக்கத்தோடு இந்த ஊருக்கு வந்திருக்கிறார். பெட்டியில் ஊறுகாய் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுகிறார்கள், இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

வராததற்குக் காரணம் அந்தப் பழைய வழக்கு. நான்கு வருடம் முன்பு, வேறொரு மாநிலத்துக் கோர்ட்டுக்குத் தொலைபேசியில் செய்த வேலை. இலங்கைத் தமிழர் ஒருவர், மனைவியோடு தகராறு. கொரகொரவென்று சத்தம், யாரோ காகிதம் புரட்டுகிறார்கள், நீதிபதி அவசரத்தில் இருக்கிறார். அந்த மனிதர் சொன்னார், ரெண்டு தரம் அடிச்சனான், அவள் எடுக்கேல்ல. அல்லது அவள் எடுக்கேல்ல என்பதை அவர் சொல்லவே இல்லையா? சொன்னார், ஆனால் அந்த நேரம் காகிதம் புரண்டதா? அவள் ‘நான் அவளை இரண்டு முறை அடித்தேன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வழக்கு பத்து நிமிடத்தில் சிறையில் முடிந்தது. பதினான்கு மாதம். ஆறு மாதம் கழித்து டொரொன்டோவில் ஒரு கல்யாணப் பந்தியில், பட்டுப்புடவை கட்டிய ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் இன்னொருத்தியிடம், “நேற்று ரெண்டு தரம் அடிச்சனான், நீங்கள் போனை எடுக்கேல்லையே” என்றபோது தில்லைநாயகியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவளை அடித்தேனா, அவளுக்குப் போன் அடித்தேனா? முன்னால் ‘அவளை’ என்றாரா, ‘அவளுக்கு’ என்றாரா, ஒன்றுமே சொல்லவில்லையா? அன்றிலிருந்து குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது, கார் ஓட்டும்போது அந்தக் குரலை மறுபடி மறுபடி காதுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள். ஓட்ட ஓட்டத் தேய்கிறதே தவிரத் தெளியவில்லை. அந்த வேலையைக் கொடுத்த ஏஜென்சிக்கு எழுதினாள். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அந்த மனிதரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. வெறும் குரல், அதில் லேசாக ஜலதோஷம். அதன் பிறகு தொலைபேசி வேலையை விட்டுவிட்டாள். விட்டதால் அவருக்கு என்ன? பதினான்கு மாதம் பதினான்கு மாதம்தான்.

“ஸ்டேட் வெர்சஸ் முத்து” என்று குமாஸ்தா கூப்பிட்டாள். சுடலைமுத்துவில் பாதியைத்தான் இந்த ஊர் எடுத்துக்கொண்டிருந்தது. எழுந்தார்கள். அரசு கொடுத்த வக்கீல் மிஸ் ஓர்ட்டேகா, முப்பது வயதிருக்கும், இன்று காலை மட்டும் அவளுக்குப் பதினோரு வழக்கு, கையில் கோப்புகளை அணைத்தபடி வந்து நின்றாள். அரசுத் தரப்பில் கெல்லர், உயரமான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. பேரம் ஏற்கெனவே முடிந்திருந்தது. பெரிய குற்றச்சாட்டைக் கைவிடுவார்கள். பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டேன் என்று சின்னதாக ஒன்றை இவர் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறை இல்லை, இன்றோடு சரி. பின்னால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று மகள் கேட்டதற்கு, அது என் துறை இல்லை என்று ஓர்ட்டேகா உண்மையைச் சொல்லியிருந்தாள். பத்தில் ஒன்பது பேர் இங்கே இப்படித்தான் ஒப்புக்கொண்டு போகிறார்கள். விசாரணை என்ற ஒன்றைக் கேட்க ஆளுக்குத் தைரியம் வேண்டும், இல்லாவிட்டால் கிறுக்கு வேண்டும். நீதிபதி ப்ரூக்னர் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். தில்லைநாயகி சுடலைமுத்துவின் காதருகே தமிழில் சொன்னாள், அவர் சொன்னதை ‘நான்’ என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் வயது அறுபத்துமூன்று. நான் பத்தாவது வரை படித்திருக்கிறேன். நான் மது அருந்தவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. அவளுடைய வாயிலிருந்து ஒரு கோவில்பட்டிக் கண்டக்டர் பேசிக்கொண்டிருந்தார். நீதிபதி முன்னால் குனிந்தாள். “மிஸ்டர் முத்து, நீங்கள் உண்மையிலேயே அந்தக் குற்றத்தைச் செய்ததால்தான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” அவள் அதைத் தமிழில் சொன்னாள். அவர் கைகூப்பினார். நீதிபதியைப் பார்த்து, தமிழிலேயே, கூட்டத்தில் காலை மிதித்துவிட்டவர் சொல்கிற அதே குரலில் சொன்னார். “தப்புதாம்மா. தெரியாம செஞ்சிட்டேன். பெரிய மனசு பண்ணி விட்டுருங்க.”

அவள் வாய் திறந்தாள். ஆங்கிலம் வரவில்லை. தப்பு. சாதாரணச் சொல், ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல். கணக்கில் தப்பு, வழி தப்பு, தப்பா நினைக்காதீங்க, தப்பு பண்ணிட்டான் பாவிப்பய. அதை ஆங்கிலத்தில் ‘கில்டி’ என்றால் கதவு சாத்திக்கொள்ளும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், ஓர்ட்டேகா அடுத்த கோப்பைத் திறக்கலாம். ‘மிஸ்டேக்’ என்றால் நீதிபதியின் புருவம் உயரும். ‘சாரி’ என்றால் அவர் சொன்னதற்குக் கிட்டே வரும், ஆனால் அவர் வருந்துகிறேன் என்றா சொன்னார்? தப்பு என்றார். அப்புறம் அந்தத் ‘தெரியாம’. வேண்டுமென்றே இல்லை என்கிறாரா, சட்டம் தெரியாது என்கிறாரா, அந்தக் குழந்தை யாரென்று தெரியாது என்கிறாரா? எதைத் தெரியாம? அடிச்சனான் என்று காதுக்குள் ஜலதோஷக் குரல் ஒன்று சொன்னது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. சுருக்கெழுத்துக்காரியின் விரல்கள் காற்றில் நின்றன. சும்மா கில்டி என்று சொல்லிவிடேன். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், அவர் மகளும் அதைத்தான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவருமே அதற்குத்தான் வந்திருக்கிறார். நீ கையைத் தூக்கினால் பேரம் உடையலாம், உடைந்தால் பெரிய குற்றச்சாட்டு திரும்பி வரும். அப்போது உன் நேர்மையை யார் சிறைக்குக் கொண்டுபோவது, நீயா? அவள் கை ஏற்கெனவே மேலே போயிருந்தது. “மொழிபெயர்ப்பாளர் தெளிவு கேட்க அனுமதி கோருகிறார்” என்றாள். தன்னைப் பற்றிப் பேசும்போது அவள் யாரோ மூன்றாம் மனுஷி. அதுதான் விதி. நீதிபதி தலையசைத்தாள். “அவர் பயன்படுத்திய சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும் இருக்கலாம், நடந்துபோனதற்கு வருந்துவதாகவும் இருக்கலாம். எது என்று மொழிபெயர்ப்பாளரால் முடிவு செய்ய இயலாது.” குரல் நடுங்காமல் வந்தது.

ஓர்ட்டேகாவின் பேனா நின்றது. “யுவர் ஆனர், என் கட்சிக்காரர் ஒப்பந்தத்தை ஏற்கவே விரும்புகிறார்” என்றாள் வேகமாக. நீதிபதி கையை லேசாக உயர்த்தினாள். “தெரியும் மிஸ் ஓர்ட்டேகா. அவர் வாயால் கேட்கிறேன். மிஸ்டர் முத்து, அன்று என்ன செய்தீர்கள், உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.” சுடலைமுத்து தில்லைநாயகியைப் பார்த்தார். அவள் கேள்வியை மறுபடி சொன்னாள். அவர் தொண்டையைச் செருமினார். “பிள்ளை அழுதுக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு பக்கமும் காரு. தூக்குனேன்.” அவ்வளவுதான் என்பதுபோல நின்றார். “ஏன் தூக்கினீர்கள்?” அவருக்குக் கேள்வியே புரியவில்லை. தில்லைநாயகி தப்பாகச் சொல்லிவிட்டாளோ என்று அவளையே பார்த்தார். “என்னம்மா இது, அழுத பிள்ளைய ஏன் தூக்குனன்னா என்ன சொல்லுறது?” அவள் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். யாரோ மெல்லச் சிரித்தார்கள், நீதிபதி சிரிக்கவில்லை. “மேலே சொல்லுங்கள்.” அவர் கைகளைக் கோட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். “முப்பத்தொரு வருசம் பஸ்ல இருந்தேம்மா. கூட்டமா வரும்போது தாய்மாருக சன்னல் வழியா பிள்ளைய உள்ள குடுத்துருவாக. யாரு உக்காந்திருந்தாலும் வாங்கி மடியில வச்சுக்கிடுவோம். நானும் வாங்கியிருக்கேன், கைப்பை ஒரு தோள்ல, பிள்ளை ஒரு தோள்ல. யாரு பிள்ளைன்னு கேக்க மாட்டோம். அவுக ஏறி வந்து வாங்கிக்கிடுவாக. அந்தக் கைப்பழக்கம்தான். இங்க அது கூடாதுன்னு எனக்குத் தெரியாது. அந்த அம்மா கத்துனவுடனே குடுக்கத்தான் போனேன், அதுக்குள்ள ஒரு வண்டி பின்னால வந்துருச்சு. பிள்ளைய இறுக்கிக்கிட்டேன்.” தில்லைநாயகி சொன்னாள். ‘அதற்குள் ஒரு வண்டி பின்பக்கமாக வந்துவிட்டது, நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.’ சொல்லி முடித்தபோது பின்வரிசையில் ஏதோ விழுந்த சத்தம். காகிதக் கோப்பை. நர்ஸ் உடுப்பிலிருந்த அந்தத் தாய் எழுந்து நின்றிருந்தாள். “வேன்” என்றாள், யாரிடமும் இல்லாமல். “வெள்ளை வேன் ஒன்று இருந்தது. எனக்கு இப்போதுதான்… அது என்னையும் இடிக்கப் பார்த்தது.” நீதிபதி, “மேம், தயவுசெய்து உட்காருங்கள்” என்றாள். ஆனால் அதட்டலாகச் சொல்லவில்லை. தில்லைநாயகி அதையும் அவர் காதில் சொன்னாள். வெள்ளை வேன் ஒன்று இருந்தது என்று அந்த அம்மா சொல்கிறார். “ஆமா, வெள்ளதான்” என்றார் சுடலைமுத்து. நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “இவர் சொன்னதில் எனக்குக் குற்றம் எதுவும் கேட்கவில்லை. செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று ஒருவர் சொல்வதை இந்த நீதிமன்றம் ஏற்காது. ஒப்புதலை நிராகரிக்கிறேன். இருபது நிமிட இடைவேளை. மிஸ்டர் கெல்லர், உங்கள் சாட்சியோடு பேசுங்கள். கடையின் கேமராப் பதிவு இருந்தால் அதை யாராவது ஒருவர் பார்த்தால் நன்றாக இருக்கும்.”

அந்த இருபது நிமிடம் தில்லைநாயகி நடைக்கூடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் குடித்தாள், மறுபடி குடித்தாள். ஓர்ட்டேகா அவளைக் கடந்து போனவள் திரும்பி வந்தாள். “நீங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கும் ஒன்று தெரிந்திருக்கட்டும். ஒப்பந்தம் போய்விட்டது. கெல்லர் பிடிவாதம் பிடித்தால் பழைய குற்றச்சாட்டு நிற்கும். சிறை இரண்டரை வருடம் வரை போகலாம்.” குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டரை வருடம். அறுபத்துமூன்றும் இரண்டரையும். தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் அவர் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருப்பார். பழைய ஆளுக்குப் பதினான்கு மாதம், இவருக்கு முப்பது மாதம், கூட்டினால், சீ, என்ன கூட்டல் இது. அன்றைக்கு வாய் திறந்து கெடுத்தாய், இன்றைக்குக் கை தூக்கிக் கெடுத்தாய். உனக்கு எதற்கு இந்த வேலை, தைக்கப் போயிருக்கலாம், பூ கட்டியிருக்கலாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கெல்லரும் அந்தத் தாயும் ஒரு லேப்டாப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் விரலால் திரையில் எதையோ காட்டினாள். கெல்லர் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். நாற்பத்தொரு நாளாக அந்தப் பதிவை யாரும் பார்க்கவில்லையா? போலீஸ் கோப்பிலேயே கிடந்திருக்கிறது, வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் பதினோரு வழக்கு. பேரம் போட்டால் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஜனங்களிடம் ஒரு குழந்தைத்தனமான பயமும் ஒரு குழந்தைத்தனமான நியாயமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. பயம் முதலில் கையை நீட்டிவிடுகிறது. நியாயம் மெதுவாக எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கே அந்தப் பதிவு என்று கேட்கிறது. கேட்கிற அன்றைக்கு அறையில் நீ இருந்தால் உன் அதிர்ஷ்டம். அவள் தண்ணீர்க் குழாயை மறுபடி அழுத்தினாள். தண்ணீர் கன்னத்தில் தெறித்தது. துடைக்கவில்லை.

திரும்பக் கூப்பிட்டார்கள். கெல்லர் எழுந்தார். மூன்று பேனாவில் ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தார். “யுவர் ஆனர், சாட்சியின் புதிய வாக்குமூலத்தையும் பதிவையும் பார்த்த பிறகு, அரசு இந்த வழக்கை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறது.” அவ்வளவுதான், நாலு மூச்சுகூட இல்லை. நீதிபதி ஏதோ எழுதினாள். தில்லைநாயகி அதை அவர் காதில் சொன்னபோது அவளுக்கே தன் தமிழ் புதிதாகக் கேட்டது. அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “அப்படின்னா வாய்தாவா தாயி? அடுத்து எப்ப வரணும்?” அவள் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், சொன்னாள். நீதிபதி முதன்முறையாகச் சிரித்தாள். “வரவே வேண்டாம், மிஸ்டர் முத்து. வழக்கு முடிந்துவிட்டது. இல்லவே இல்லை.” தில்லைநாயகி அதைத் தமிழில் சொன்னாள். அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார், அந்தக் கேள்வியை நாற்பத்தொரு நாளாக வாயில் அடக்கி வைத்திருந்தவர்போல. “பேத்திய இனி தூக்கலாமா?” அதை ஆங்கிலமாக்கும்போது தில்லைநாயகியின் குரல் உடைந்துபோயிற்று. ஒன்பது வருடத்தில் ஒருபோதும் உடையாத குரல். ‘மே ஐ’ என்று தொடங்கி நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். “தூக்கலாம்” என்றாள் நீதிபதி. “இன்றைக்கே. எல்லா நிபந்தனையும் நீங்கிவிட்டது. குமாஸ்தா உத்தரவைக் கொண்டுவந்து கொடுப்பார்.” தில்லைநாயகிக்குத் திடீரென்று பசித்தது. காலையில் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த யாழ்ப்பாணக் குரல் இன்னும் இருக்கத்தான் செய்தது. எங்கும் போய்விடவில்லை. ஆனால் காதை அடைத்துக்கொண்டு இல்லை, சற்றுத் தள்ளி நின்றது. இன்னொரு கடிதம், இந்தத் தடவை அந்த இலங்கைத் தமிழருடைய வக்கீலுக்கே எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

வெளியே நடைக்கூடத்தில் சங்கரி அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அந்த நர்ஸ் கதவைத் திறந்து வந்தாள், அவர்களைப் பார்த்து நின்றாள், என்னவோ சொல்ல நினைத்து, “ஐம் சோ சாரி” என்று மட்டும் சொன்னாள். “என்ன சொல்லுது அந்தப் பிள்ளை?” என்று சுடலைமுத்து தில்லைநாயகியிடம் கேட்டார். “மன்னிச்சுக்கச் சொல்றாங்க அய்யா.” “அதுக்கென்ன. பெத்தவ பயப்படத்தான செய்வா. கத்தாம இருந்தாத்தான் தப்பு.” அதையும் தில்லைநாயகி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனாள். லிஃப்ட் திறந்தது, மருமகன் குழந்தையோடு வந்தான். இவ்வளவு நேரம் கீழ்த்தளத்தில் வைத்திருந்திருக்கிறான். பேத்தி மகிழினிக்கு இரண்டு குடுமி, ஒரு காலில் செருப்பு இல்லை. தாத்தாவைப் பார்த்ததும் அப்பாவின் பிடியிலிருந்து முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் நீட்டியது. சுடலைமுத்து ஓரடி பின்னால் போனார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “அப்பா, தூக்குங்கப்பா, அதான் சொல்லிட்டாங்கல்ல” என்றாள் சங்கரி. “பேப்பர் வரட்டும்” என்றார் அவர். “ஜட்ஜம்மாவே சொல்லியாச்சுப்பா.” “வரட்டும். கையில வரட்டும். இவுக எழுதி வச்சதத்தான் நம்புவாக, நாமளும் எழுதுனதயே நம்புவோம்.” குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் பின்னால் கட்டிய கைகளோடு குனிந்து, இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சுத் தங்கம் என்று சொல்லிக்கொண்டே நின்றார். தில்லைநாயகி போயிருக்க வேண்டும். வழக்கு முடிந்தால் கட்சிக்காரரோடு நிற்கக் கூடாது. நின்றாள். ஒன்பது நிமிடம் ஆயிற்று. குமாஸ்தா முத்திரை குத்திய தாளோடு வந்தாள். “என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க தாயி.” அவள் நின்றபடியே தமிழில் வாசிக்கத் தொடங்கினாள். மேற்கண்ட வழக்கு அரசின் வேண்டுகோளின்பேரில் தள்ளுபடி செய்யப்படுகிறது. ஜாமீன் நிபந்தனைகள் அனைத்தும். அந்த ‘அனைத்தும்’ வரைதான் அவர் பொறுத்தார். தாளுக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு கைகள் நீண்டன, குழந்தை அவர் தோளுக்கு மாறியது, அவர் காதை எட்டிப் பிடித்தது. அவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அழுதார்கள், செருப்பு எங்கே என்று தேடினார்கள். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தும் தில்லைநாயகி வாசித்துக்கொண்டே போனாள், இன்றுமுதல் நீக்கப்படுகின்றன என்பதையும், வழக்கு எண்ணையும், நீதிபதியின் பெயரையும், தேதியையும், ஒரு சொல்லும் விடாமல்.